கம்ப்யூட்டர் பேக்கப்: குமுளி, கம்பம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையில் மலைமேல் இருக்கிற குமுளியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், வீடு கீழே தமிழ்நாட்டுக் கம்பத்தில். ஏலக்காய்த் தோட்டக்காரர்கள், ஸ்டோர் வைத்திருப்பவர்கள், மிளகு ஏலக்காய் வியாபாரிகள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், ஸ்டுடியோக்காரர்கள், டிடிபி கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்களும் வருகிறார்கள். கொண்டு வரும் மெஷின் வேறு வேறாக இருக்கும். பேக்கப் பற்றிய சந்தேகம் மட்டும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். பதிலை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவிடலாமே என்றுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. பேக்கப்னா என்னண்ணே, காப்பி எடுத்து வைக்கிறதுதானே?

ஆமாம், காப்பிதான். ஆனால் அசல் கெட்டுப்போகும்போது கூடவே கெட்டுப்போகாத காப்பியாக இருக்க வேண்டும். சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் காப்பி செய்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான லேப்டாப்பில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கைப் பிரித்ததுதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இன்னொன்று, ‘எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறேன்’ என்பார்கள். விசாரித்தால், லேப்டாப்பில் இடம் இல்லை என்று கட் செய்து அங்கே பேஸ்ட் செய்திருப்பார்கள். அது இடமாற்றம். இருப்பது அந்த ஒன்றே ஒன்றுதான், அதுவும் கையில் தூக்கிக்கொண்டு அலைகிற டிஸ்க்கில்.

2. லேப்டாப் புதுசு சார், வாரண்டி இருக்கு. எனக்கு எதுக்கு இதெல்லாம்?

வாரண்டி மெஷினுக்கு மட்டும்தான். டிஸ்க் கெட்டால் புது டிஸ்க் தருவார்கள், அது காலியாக வரும். பழையதை அவர்களே எடுத்துக்கொள்வதும் உண்டு. உள்ளே இருந்த கணக்குக்கும் படத்துக்கும் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. வாரண்டி தாளில் அதை எழுதியே வைத்திருப்பார்கள்.

புது மெஷின் என்பதால் ஆபத்து குறைவு என்றும் சொல்ல முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் கடகடவென்று சத்தம் போடும், ஃபைல் திறக்க நேரமாகும். இப்போது வருகிற எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) சத்தமே இல்லாமல் ஒரு நாள் காலையில் ‘டிஸ்க் இல்லை’ என்று நிற்கும். டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் பஸ்ஸில் பையை விட்டுவிட்டு இறங்குவது, கீபோர்டில் கட்டஞ்சாயா கொட்டுவது, தவறான ஃபோல்டரை அழித்துவிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது எல்லாம் நடக்கத்தான் செய்கிறது.

3. எதை எடுக்கணும்? கம்ப்யூட்டர்ல இருக்கிற மொத்தத்தையுமா?

தேவையில்லை. ‘இது போனால் வேறு எங்கிருந்தாவது கிடைக்குமா?’ என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்கள். விண்டோஸ் கிடைக்கும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆபிஸ், கணக்கு எழுதும் டேலி, பிரிண்டர் டிரைவர் எல்லாம் கிடைக்கும். டவுன்லோடு செய்த சினிமா கிடைக்கும். டிஜிலாக்கரில் வருகிற ஆதார், லைசென்ஸ், ஆர்சி புக் போன்றவை அந்தந்தத் துறையிலேயே இருக்கின்றன. இவற்றுக்காக டிஸ்க் இடத்தைச் செலவு செய்ய வேண்டாம்.

கிடைக்காதவை வேறு. தோட்டத்துச் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) எக்ஸெல், ஆளுக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தோம் என்ற பட்டியல், டேலி டேட்டா, ஸ்கேன் செய்த கொள்முதல் பில்கள், பத்திரம் பட்டா நகல்கள், பிள்ளைகளின் படங்கள், பாதி எழுதிய புராஜெக்ட். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போர்ட்டலில் இருக்கிறதே என்பார்கள். தாக்கல் செய்த ரிட்டர்ன் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற உங்கள் நோட்டும் பில்லும் அங்கே இருக்காது.

நாம் மறக்கிற இடங்கள்தான் அதிகம் படுத்தும். டெஸ்க்டாப்பிலேயே எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பது, வாட்ஸ்அப்பில் வந்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும் பில்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் ஃபைல். ‘மை டாக்குமெண்ட்ஸ் மட்டும் எடுத்துவிட்டேன்’ என்று ஃபார்மேட் செய்யக் கொடுப்பவர்களிடம் இதைத்தான் நான் முதலில் கேட்பேன். கேட்காத கடையும் உண்டு என்பதால் நீங்களே பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. எத்தனை காப்பி இருந்தா போதும்?

உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு 3-2-1. அசலையும் சேர்த்து மூன்று பிரதி. இரண்டு வேறு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவிலோ வேறு ஊரிலோ ஒன்று என்றால் கணக்கு சரியாகிவிடும்.

மூன்றும் முடியாது, ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். ஒன்றுமே இல்லாததற்கும் ஒரு காப்பி இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ளதைவிட ரொம்பப் பெரியது.

5. எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்கணும் தம்பி?

எத்தனை நாள் வேலையைத் திரும்பச் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்கிறது? அதுதான் இடைவெளி. ஆவணி தொடங்கித் தை வரை ஏலக்காய் பறிப்பு, புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டு இ-ஏலம் என்று தினமும் எண்ட்ரி விழுகிற நாட்களில் வியாபாரிகள் தினசரி எடுக்க வேண்டும். ஒரு வாரத்துக் கணக்கைத் துண்டுச் சீட்டுகளிலிருந்து திரும்பப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டவர்களுக்குத் தெரியும். சீசன் முடிந்தபின் வாரம் ஒன்று போதும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாதம் ஒன்று. படம் மாதிரி ஒரே நாளில் குவிகிறவற்றுக்குக் காலண்டர் பார்க்க வேண்டாம், வந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

2011-லிருந்து மார்ச் 31-ஐ உலக பேக்கப் நாள் என்று கொண்டாடுகிறார்கள். நமக்கு அன்றுதான் கணக்கு வருடமும் முடிகிறது. அன்று எடுக்கிற காப்பியை மட்டும் அழிக்காமல் வருடப் பெயர் போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். கையால் எடுப்பது மறந்துபோகும் என்றால் விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’யை ஆன் செய்யலாம். டிஸ்க்கைச் செருகியிருக்கும்போது அதுவே பார்த்துக்கொள்ளும்.

6. ஆன்லைன்ல 2 டிபி பென் டிரைவ் ஐந்நூறு ரூபாய்க்கு வருதே, அதுல போட்டா ஆகாதா?

ஆகவே ஆகாது. அந்த விலைக்கு அந்த அளவு கிடைக்காது. உள்ளே சின்ன சிப் ஒன்றை வைத்து, கம்ப்யூட்டரிடம் ‘நான் 2 டிபி’ என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். காப்பி ஆகிறது போலவே காட்டும், ஃபைல் பெயர்களும் வரிசையாகத் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் ஹெச்டூடெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவசப் புரோகிராமைக் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

நல்ல கம்பெனி பென் டிரைவும் ஃபைலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகத்தான். வருடக்கணக்கில் வைத்துக் காப்பாற்ற அதை நம்பாதீர்கள்.

7. அப்ப ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

பேக்கப்புக்கு இன்னமும் பழைய சுழல்கிற ஹார்ட் டிஸ்க்தான் என் கட்சி. அதே பணத்துக்கு நிறைய இடம் கிடைக்கும். எஸ்எஸ்டி வேகம், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது மின்னூட்டத்தைச் சேமித்து நினைவு வைக்கிற சாதனம். கரண்ட் கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடக்கூடும். தினசரி பயன்பாட்டுக்கு எஸ்எஸ்டி, அடுக்கி வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் டிஸ்க்கைப் போல இரண்டு மடங்கு அளவில் வாங்குங்கள். டிஸ்க் பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, ஸ்டுடியோக்காரர்களின் வீடியோ அங்கேதான் மாட்டும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மலைமேல் இருப்பவர்கள் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இந்த ஈரத்தில் கேமரா லென்ஸில் பூசணம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், டிஸ்க்கின் கனெக்டரும் அப்படித்தான் கறுக்கும்.

8. எனக்கு எல்லாம் கூகுள் டிரைவ்லயே இருக்கு. அது பேக்கப் இல்லையா?

பாதி. கம்ப்யூட்டரோடு ஒத்திசைந்து ஓடுகிற ஃபோல்டர் கண்ணாடி மாதிரி: இங்கே நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே ஃபைல் கெட்டால் கெட்ட ஃபைலே அங்கேயும் போகும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். மார்ச்சில் அழிந்ததை ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போது தேடினால் கிடைக்காது.

இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், போட்டோ எல்லாம் அதில்தான் பங்கு. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. போட்டோவுக்கு அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ஓடு நின்றுவிட்டது. இடம் நிறைந்ததும் பேக்கப் நின்றுவிடும், மெயில்கூட வராது. விண்டோஸில் ஒன்டிரைவும் இதே கதை: டெஸ்க்டாப்பைத் தானாகவே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், இலவச இடமோ 5 ஜிபிதான். அப்புறம், இரண்டு வருடம் தொடாத கூகுள் அக்கவுண்டை அழிக்கலாம் என்பது அவர்களுடைய விதி, 2023 டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கிவிட்டார்கள். பேக்கப்புக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கி மறந்துவிட்டவர்கள் இன்றே ஒரு தடவை உள்ளே போய் வாருங்கள்.

கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் கம்பெனியின் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுக்க எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் கிளவுடை 3-2-1-இல் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாக எண்ணாதீர்கள்.

9. இங்க நெட்டு இழுத்துக்கிட்டே கிடக்கு. எப்படி மேல ஏத்துறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் ஒரு விநாடிக்கு இரண்டரை எம்பி. 100 ஜிபி ஏற்ற 11 மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் அறுபடாமல் இருந்தால். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், மொபைல் நெட்டில் அப்லோடு வேகம் அதைவிட ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆனால் டேலி டேட்டாவும் எக்ஸெலும் பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். அதை இந்த நெட்டிலேயே தினமும் ஏற்றலாம். முதல் தடவைதான் நேரமாகும், அப்புறம் மாறியது மட்டும்தான் போகும். கல்யாண வீடியோ போன்ற கனமான சரக்கை நெட்டில் ஏற்ற முயல வேண்டாம். டிஸ்க்கைப் பையில் போட்டுக் கம்பம் பஸ் ஏறினால் லோயர் கேம்ப் வழியாக மலையிறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. இங்கே இருக்கிற எந்த நெட்டும் அந்த வேகத்தில் 1 டிபியைக் கொண்டுபோகாது.

10. ‘வேற இடம்’னா எங்கண்ணே? கம்பத்துல அக்கா வீடு இருக்கு, போதுமா?

நல்ல இடம். நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு: மேலே தோட்டமும் கடையும், கீழே வீடும் சொந்தமும் என்று பாதிப்பேருக்கு இரண்டு மாநிலத்திலும் காலூன்றல் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் இடுக்கி அணையை 26 வருடங்களுக்குப் பிறகு திறந்த அந்த மழையில் இடுக்கி மாவட்டமே முடங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் தண்ணீரும் மண்ணும் புகுந்தவர்களுக்கு லேப்டாப், டிஸ்க் இரண்டும் ஒரே அறையில் இருந்திருந்தால் இரண்டும் போயிருக்கும். அதே தெருவில் இருக்கிற தம்பி வீட்டில் வைப்பது அப்படிப்பட்ட நாளில் உதவாது, மலையடிவாரத்தில் இருக்கிற அக்கா வீடு உதவும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம்தான் பார்த்தோம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் செக்போஸ்ட் மூடியது. கம்பம், போடிக்காரர்கள் பாஸ் இல்லாமல் தங்கள் தோட்டத்துக்கே போக முடியாமல் கீழே உட்கார்ந்திருந்தார்கள், கணக்கெல்லாம் மேலே தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில். காப்பி இருப்பது மட்டும் போதாது, கை எட்டுகிற இடத்தில் ஒன்று இருக்க வேண்டும். அதனால் கனமானது அக்கா வீட்டில், அன்றாடக் கணக்கு கிளவுடிலும் என்று பிரித்துவிடுங்கள். பிறர் வீட்டில் வைக்கிற டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். அக்கா மேல் சந்தேகம் என்பதற்காக அல்ல, அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரையும் நமக்குத் தெரியாது என்பதற்காக.

11. யுபிஎஸ் வச்சிருக்கேன், இடி மின்னலுக்கு அது போதும்ல?

போதாது. யுபிஎஸ் கரண்ட் போகும்போது ஃபைலைச் சேமித்து மூடுவதற்கு அவகாசம் தரும். கிட்டத்தில் விழுகிற மின்னலைத் தாங்காது. சித்திரை, வைகாசியிலும் துலாமழை (ஐப்பசி மழை) நேரத்திலும் மதியத்துக்கு மேல் மானம் கறுத்தால் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. செம்புக் கம்பி வழியாக வருகிற நெட், கேபிள் டிவி லைன்களையும் கழற்றுங்கள். ஃபைபர் லைன் வழியாக மின்னல் வராது, ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் கரண்ட்டில்தானே இருக்கிறது.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் 15-இல்.

12. டேலிக்கு ஃபோல்டரைக் காப்பி பண்ணினா போதுமா?

டேலியை எல்லாக் கம்ப்யூட்டரிலும் மூடிவிட்டு, டேட்டா ஃபோல்டருக்குள் எண்ணைப் பெயராகக் கொண்ட கம்பெனி ஃபோல்டரைக் காப்பி செய்தால் வேலை நடக்கும். திறந்திருக்கும்போது காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் வந்து, திறக்கும்போது எரர் அடிக்கலாம். டேலி பிரைமுக்கு உள்ளேயே ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் பேக்கப், ரீஸ்டோர் இரண்டும் வரும். அதுவே சரியான வழி.

ரீஸ்டோர் செய்யும்போதுதான் அடி விழும். பழைய பேக்கப்பை இப்போதைய டேட்டா இருக்கிற அதே இடத்தில் ரீஸ்டோர் செய்தால், நடுவில் போட்ட எண்ட்ரியெல்லாம் மேலெழுதப்பட்டுக் காணாமல் போகும். ஆகவே எப்போதும் புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதில் ரீஸ்டோர் செய்து, திறந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. கணக்கையும் ஆவணங்களையும் அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவு. 57-ஆவது விதி இன்னும் ஒரு படி மேலே போய், கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர் விபத்தோ இயற்கைச் சேதமோ வந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கிற மாதிரி முறையாக பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ‘டிஸ்க் போயிடுச்சு சார்’ என்ற பதில் அங்கே எடுபடாது. கேரளத்தில் ஒன்று, தமிழ்நாட்டில் ஒன்று என்று இரண்டு பதிவு வைத்திருப்பவர்கள் இரண்டு கம்பெனி டேட்டாவும் பேக்கப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும் திரையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது சகஜம்.

13. பழைய பத்திரிகை ஃபைல் பத்திரமா இருக்கு, ஆனா திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா வருதே?

ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துருவைக் காணவில்லை. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் ‘அ’ என்பது உள்ளே ஏதோ ஓர் ஆங்கிலக் குறியாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழாகத் தெரியும். மலையாளம் அடிப்பவர்களுக்கு எம்எல்-டிடிகார்த்திகா வகைகளிலும் இதே பாடு. குமுளியில் கல்யாணப் பத்திரிகை இரண்டு மொழியிலும் அடிப்பதால் டிடிபி கடைக்காரர்களுக்கு இரண்டு மடங்கு தலைவலி.

ஃபைலோடு எழுத்துருக்களையும், அடிக்கப் பயன்படுத்திய கீபோர்டு சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலரையும் ஒரே ஃபோல்டரில் பேக்கப் எடுங்கள். பேஜ்மேக்கர் ஃபைலாக இருந்தால் கூடவே பிடிஎஃப் ஒன்றும் போட்டு வையுங்கள். இருபது வருடம் கழித்துத் திருத்த முடியாவிட்டாலும் படிக்கவாவது முடியும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடித்தால் இந்தக் கேள்வியே வராது.

14. கல்யாண ஷூட் முடிஞ்சா மெமரி கார்டை எப்ப அழிக்கலாம்?

இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏறி, இரண்டிலும் நடுவிலிருந்து சில படங்களைத் திறந்து பார்த்த பிறகு. அதுவரை கார்டை அடுத்த ஷூட்டுக்குக் கொடுக்காதீர்கள். தாலி கட்டியதைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

சிலர் ரெய்டு போட்ட (பல டிஸ்க்கை ஒன்றாகக் கோத்த) நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைக்கிற டிஸ்க் பெட்டி, வாங்கிவிட்டு அதுவே பேக்கப் என்கிறார்கள். ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு அது. தவறாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். பெட்டியைத் திருடினால் மொத்தமும் போகும்.

15. எல்லா ஃபைலும் பேர் மாறி, காசு கேட்டு ஒரு நோட்டு வந்திருக்கு. என்ன பண்றது?

ரான்சம்வேர், ஃபைலைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கிற வைரஸ். முதலில் நெட்டையும் செருகியிருக்கிற டிஸ்க், பென் டிரைவ்களையும் கழற்றுங்கள். காசு கட்டாதீர்கள், கட்டினாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை. கழற்றி வைத்திருந்த பேக்கப் இருந்தால் மெஷினைச் சுத்தமாக ஃபார்மேட் செய்து திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பூட்டிய ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். சில வகைகளுக்குப் பின்னாளில் இலவசச் சாவி வெளிவந்திருக்கிறது.

நம்மை யார் தாக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2017 மே மாதம் வான்னாகிரை சுமார் 150 நாடுகளில் பரவியபோது வயநாட்டிலும் பத்தனம்திட்டையிலும் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மாட்டின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டது, போடாதவர்கள்தான் சிக்கினார்கள். நம் பக்கம் வருகிறவை பெரும்பாலும் கிராக் செய்த போட்டோஷாப், கிராக் செய்த ஆபிஸ் வழியாக உள்ளே வருகின்றன. டிஸ்க்கைச் செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். முடிந்தால் இரண்டு டிஸ்க் வைத்து இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது என்று மாற்றுங்கள். கெட்டுப்போனது தெரியாமல் ஒன்றில் மேலெழுதிவிட்டாலும் இன்னொன்று தப்பும்.

16. எடுக்கிறேன், ஆனா சரியா எடுக்குதான்னு எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் உள்ளதிலேயே முக்கியமான கேள்வி இது, கேட்பவர்கள்தான் குறைவு. திரும்ப எடுத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். பச்சை டிக் வந்தது, ‘பேக்கப் கம்ப்ளீட்’ என்று காட்டியது என்பதெல்லாம் சாட்சி ஆகாது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கம்பெனியில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகை பேக்கப் ஏற்பாடு இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை; தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். சாஃப்ட்வேரே தொழிலாக இருப்பவர்கள் நிலைமை அது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகி, டேலியைப் புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து கடைசி எண்ட்ரி தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிதான் பல பேரைத் திடுக்கிட வைக்கிறது: ஆறு மாதம் முன்பு ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள், பேக்கப் இன்னும் பழைய ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருக்கும். படங்களில் நாலைந்தைத் திறந்து பாருங்கள், வீடியோ ஒன்றைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

17. பேக்கப் எதுவும் இல்ல, டிஸ்க் கடகடன்னு சத்தம் போடுது...

அணைத்துவிடுங்கள், இப்போதே. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் இருக்கிறதையும் கெடுக்கும். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். சத்தம் வருகிற டிஸ்க்கைத் தூசி இல்லாத அறையில் பிரிக்கிற வசதி உள்ள ரெகவரி சென்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். என்னைப் போன்ற கடையில் அது முடியாது. செலவும் பல டிஸ்க் வாங்குகிற அளவுக்கு வரும்.

டிஸ்க் நன்றாக இருந்து தவறாக அழித்தது மட்டும் என்றால், ஹார்ட் டிஸ்க்கில் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு, அதன்பின் எதையும் அதில் எழுதாமல் இருந்தால். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அதுவே சுத்தம் செய்துவிடும் என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு.

18. சர்வீஸ் பண்ணினதுக்கு அப்புறம் ஏதோ 48 நம்பர் கேட்குது, நான் எதுவுமே போடலையே?

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு தொடங்கிய பல புது லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸ் அமைப்பு மாறினாலோ பிட்லாக்கர் (விண்டோஸின் அந்த டிஸ்க் பூட்டு) சாவியைக் கேட்கும். அந்த 48 இலக்கம் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலேயே இருக்கும், போனில் உள்ளே போய்ப் பார்க்கலாம். லேப்டாப் விற்ற கடைக்காரர் தன் மெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் அவரைத் தேடிப் போக வேண்டியதுதான். சாவி எங்கும் இல்லை என்றால் உள்ளே இருப்பதை எவராலும் எடுக்க முடியாது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்புக்கு 64 இலக்கச் சாவி வைத்தவர்களுக்கும் இதேதான்.

19. கணக்கு எல்லாம் அப்பாதான் பார்த்தார். அவர் போனதுக்கப்புறம் எதுவும் திறக்க முடியல...

டேட்டா பத்திரமாக இருந்தும் கைக்குக் கிடைக்காத நிலை இது, பார்ப்பதற்கே சங்கடமாக இருக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும்தான் தடை, டிஸ்க் பூட்டப்படவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டு எடுத்துவிடலாம். பூட்டியிருந்தால் 18-இல் சொன்ன சாவி வேண்டும். அவருடைய சிம்மை மட்டும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். அக்கவுண்ட்டை யார் பெயரில் தொடர்வது என்பதை வாரிசுச் சான்றிதழோடு அந்தந்தக் கம்பெனியிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது கணக்குப் பார்ப்பவர் நீங்கள்தான் என்றால் இரண்டு வேலை செய்துவிடுங்கள். கூகுள் அக்கவுண்ட் அமைப்பில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்று ஒன்று உண்டு: 3 முதல் 18 மாதம் வரை நீங்கள் அக்கவுண்டைத் தொடாவிட்டால், நீங்கள் சொன்ன ஆளுக்கு நீங்கள் சொன்ன டேட்டா போய்ச் சேரும். மற்றதற்கு, எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது, அது யார் வீட்டில் இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்று ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, பீரோ சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் சொல்லி வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றும்போது தாளையும் மாற்ற வேண்டும்.